மலை என்றால் முக்கோணமா?

(இயற்கை, ஓவியம், குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் பற்றி ஏற்காட்டு மலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பிள்ளையிடமும் ஒரு தாளையும் கலர் பென்சிலையும் கொடுத்து ‘சீனரி வரை’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை வரும். நடுவில் பாதிச் சூரியன். மலையிடுக்கில் நூலாகப் புறப்பட்டு, வர வர அகலமாகும் ஆறு. கரையில் ஓட்டு வீடு, ஒற்றைத் தென்னை, மேலே டிக் அடித்ததுபோல நாலு பறவை. ராமநாதபுரத்துப் பிள்ளையும் இதைத்தான் வரையும், சென்னையில் ஆறாவது மாடியில் இருக்கும் பிள்ளையும் இதைத்தான் வரையும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாசலில் மலை இல்லாதவர்கள் யாரோ வரைந்த மலையைத்தான் வரைய வேண்டியிருக்கிறது. ஆனால் ஏற்காட்டின் தலைச்சோலையிலும் நாகலூரிலும், மலைமேலேயே பிறந்து வளரும் பிள்ளையும் அதே இரண்டு முக்கோணத்தைப் போடுகிறதே, அதற்கு என்ன காரணம்?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் கூரிய முனை கிடையாது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் காலுக்குக் கிடைப்பது ஒரு மேட்டுநிலம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் பூமி. 1,600 மீட்டருக்கும் மேல் இருக்கும் சேர்வராயன் கோயில் உச்சியில்கூட ஊரே கூடித் திருவிழா கொண்டாடும் அளவுக்குத் தட்டையான வெளி இருக்கிறது. இங்கே பிள்ளையின் கண்ணில் தினமும் படுபவை வேறு: காப்பிச் செடி, அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக், அதன்மேல் ஏறிய மிளகுக் கொடி, பலா, ஆரஞ்சு, பத்தடி தூரத்தில் இருப்பதையும் மறைத்துவிடும் பனி. இவற்றில் ஒன்றுகூட அந்தச் சீனரிக்குள் வருவதில்லை.

பிள்ளைக்குக் கண் இல்லாமல் இல்லை. கரும்பலகையில் ஆசிரியர் போட்ட படமும், கடையில் பத்து ரூபாய்க்கு விற்கும் வண்ணம் தீட்டும் புத்தகமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுகொள்கின்றன. மரம் என்றால் பழுப்புத் தண்டு, மேலே பச்சை உருண்டை என்று தாள் ஒருமுறை சொல்லிவிட்டால், வாசலில் நிற்கும் மரம் தோற்றுப்போகிறது. படப் புத்தகத்துக்கு அவ்வளவு வலிமை இருக்கிறது. குழந்தைகளுக்கென்றே அச்சான பழைய படப் புத்தகங்களில் முதன்மையாகச் சொல்லப்படுவது, செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் நியூரம்பர்க்கில் வெளியிட்ட ‘ஆர்பிஸ் பிக்டஸ்’. பறவை, மீன், மரம், மேகம் என்று உலகத்தையே மரக்கட்டைச் செதுக்குப் படங்களாக்கி, பக்கத்திலேயே பெயரும் எழுதிய புத்தகம் அது. பார்க்க முடியாததைக் காட்டுவதற்காகப் பிறந்த வகை, கண்ணெதிரே இருப்பதை மறைக்கவும் பழகிவிட்டது. முந்நூற்றறுபது ஆண்டுக் கதையில் இதுவும் ஒரு பாதி.

மறுபாதி சென்னையிலேயே நடந்திருக்கிறது. இன்றைய பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

1994இல் கீதா உல்ஃப் சென்னையில் தாரா புக்ஸ் பதிப்பகத்தைத் தொடங்கினார். அவர்கள் ஆரம்பத்தில் செய்த புத்தகங்களில் ஒன்று பசியோடு அலையும் ஒரு சிங்கத்தின் கதை. இந்திரபிரமித் ராய் வார்லிப் பழங்குடி ஓவியச் சாயலில் அதற்குப் படம் வரைந்தார். சில்க் ஸ்கிரீன் முறையில் கையால் அச்சடித்த மாதிரிப் படிகளை வெளிநாட்டுப் புத்தகச் சந்தைக்கு எடுத்துப் போனார்கள். கனடாவின் ஒரு பதிப்பகம் ‘இதே மாதிரி கையாலேயே அடித்து 8,000 பிரதி கொடுங்கள்’ என்று கேட்டுவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற தொழில்நுட்பத்தில் எட்டாயிரம் புத்தகம்! ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிச் சட்டம் கட்டி, மையை இழுத்து, தாளைக் காயவைத்து, மறுபடி அடுத்த வண்ணத்துக்கு எடுக்க வேண்டும். ஆறுமுகம் என்ற அச்சுக் கலைஞரின் தலைமையில் அதைச் செய்து முடித்தார்கள். அந்தப் பட்டறைதான் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ்.

அங்கே அடித்த புத்தகங்களில் உலகம் சுற்றிய ஒன்று, 2006இல் வந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’. மரங்களின் இரவு வாழ்க்கை என்று பொருள். கையால் செய்த கறுப்புத் தாள். அதன்மேல் கனமான மையில் ஒளிரும் மரங்கள். வரைந்தவர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேத்தி ஆகிய மூவர், மத்தியப் பிரதேசத்துக் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள். 2008இல் இத்தாலியின் பொலோனியா குழந்தை நூல் சந்தையில் ‘நியூ ஹொரைசன்ஸ்’ பிரிவில் விருது பெற்றது. பிரெஞ்சிலும் ஜப்பானிய மொழியிலும் பதிப்பு வந்தது.

விருதை விடுங்கள். அந்த மரங்கள் எப்படி இருக்கின்றன என்பதுதான் நமக்கு வேண்டும். பகலெல்லாம் நிழலும் உணவும் கொடுத்து உழைக்கிற மரம், எல்லாரும் உறங்கிய பிறகு தன் சொந்த உருவத்தைக் காட்டும் என்பது கோண்டு மக்களின் நம்பிக்கை. அதனால்தான் தாள் கறுப்பு. ஒரு பக்கத்தில் பூமி பாம்பின் சுருளுக்குள் இருக்கிறது. மண்ணை இறுகப் பிடிக்கும் வேரும் பாம்பும் ஒன்றாகத் தெரிகின்றன. இன்னொன்றில் அரசமரம் தன் இலையின் வடிவத்திலேயே நிற்கிறது. வேறொன்று மஹுவா. நம் ஊர் இலுப்பையின் உடன்பிறப்பு. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் சொல்கிறோமே, அதே இனிப்புப் பூதான். அங்கே அதிலிருந்து சாராயம் இறக்குவார்கள். ஆகவே மஹுவா வந்தால் போதையும் கூடவே வரும். இந்த மரங்களில் எதையும் புகைப்படக் கருவி எடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த மரத்தோடு வாழ்ந்த ஒருவருக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், புகைப்படத்தைவிட இந்தப் படம் அதிகம் சொல்கிறது. யார் அதில் குடியிருக்கிறார்கள், யார் அதைத் தின்கிறார்கள், எதற்காக அதைக் கும்பிடுகிறார்கள் என்பது அத்தனையும் கிளைகளுக்குள் இருக்கிறது.

இந்த ஓவியம் தாளுக்கு வந்த கதை அவ்வளவு பழையது ஒன்றுமில்லை. 1980களின் தொடக்கத்தில் போபாலில் பாரத் பவன் என்னும் கலை மையம் உருவான நேரம். ஓவியர் ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழு கிராமம் கிராமமாகக் கலைஞர்களைத் தேடிப் போனது. பாட்டன்கட் என்ற ஊரில் ஒரு வீட்டுச் சுவர் ஓவியத்தைப் பார்த்தார்கள். வரைந்தவர் ஜங்கர் சிங் ஷ்யாம் என்ற இளைஞர். போபாலுக்கு அழைத்து வந்து தாளும் போஸ்டர் கலரும் கொடுத்தார்கள். 1989இல் பாரிஸ் கண்காட்சி ஒன்றில் அவர் படங்கள் தொங்கின. 2001இல் ஜப்பானில் இறந்துபோனார். அதற்குள் உறவினர் பலருக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவருடைய உறவினர்களில் ஒருவர்தான் பஜ்ஜு. போபாலில் இரவுக் காவலாளி வேலை உட்படப் பிழைப்புக்குப் பலதும் பார்த்துவிட்டு ஜங்கரிடம் வந்து சேர்ந்தவர். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். துர்கா பாய் 2022இல் வாங்கினார். துர்கா பாய் கற்றது ‘திக்னா’ என்னும் வடிவங்களிலிருந்து; சிறு வயதில் வீட்டுத் தரையிலும் சுவரிலும் போட்டவை. மார்கழிக் கோலம் போட்டுப் பழகிய நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒவ்வொரு கோண்டு ஓவியருக்கும் உருவத்துக்குள் நிரப்புகிற கோட்டு வடிவம் ஒன்று தனியாக உண்டு. அதுதான் அவர்களுடைய கையெழுத்து.

பஜ்ஜு ஷ்யாமின் இன்னொரு புத்தகம், ‘தி லண்டன் ஜங்கிள் புக்’, 2004. லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் படம் வரையப் போனவர், திரும்பி வந்து லண்டனையே வரைந்தார். பிக் பென் கடிகாரக் கோபுரம் சேவலாகிவிட்டது; இரண்டும் நேரம் சொல்பவைதானே. தரைக்கடியில் ஓடும் ரயில் மண்புழு. தவறாமல் வந்து கூட்டிப்போகும் 30ஆம் எண் பேருந்து விசுவாசமான நாய். இருட்டியதும் மதுக்கடைக்குக் கிளம்பும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள். வெள்ளைக்காரர்கள் இரண்டு நூற்றாண்டாக நம் காட்டையும் காட்டுமக்களையும் வரைந்து புத்தகம் போட்டார்கள். கிப்ளிங் எழுதிய ‘ஜங்கிள் புக்’ நிகழும் மத்திய இந்தியக் காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் போய் அவர்கள் தலைநகரத்தைக் காடாக வரைந்துவிட்டு வந்தார். இதில் இருக்கும் குறும்பைக் குழந்தைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் முன்னுரை தேவைப்படும்.

இங்கே ஒரு கேள்வி எழும். அறிவியல் படிக்க வேண்டிய பிள்ளைக்குச் சேவல் கோபுரமும் பாம்பு வேரும் காட்டினால் உண்மை குழம்பாதா? கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்திய தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1960களிலிருந்து இதே ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தை வைத்திருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டால் தெரியும்: ஒரு ஆர்க்கிட் பூவை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டினால் நிறம் போய்விடும், பூவின் உருவமும் சப்பையாகிவிடும். அதனால்தான் புகைப்படம் வந்து இத்தனை காலம் ஆன பிறகும் தாவரவியலாளர்கள் கோட்டோவியத்தைக் கைவிடவில்லை. அந்த ஓவியத்தை உற்றுப் பாருங்கள். ஒரே தாளில் மொட்டு, பூ, காய், விதை எல்லாம் இருக்கும். பூவை நெடுக்காகப் பிளந்து உள்ளே காட்டியிருக்கும். மகரந்தப் பை பெரிதாகத் தனியே மிதக்கும். இலையில் பூச்சி கடித்த ஓட்டை இருக்காது. உலகத்தில் எந்தச் செடியும் எந்த நாளிலும் இப்படி நின்றதில்லை! அறிவியல் ஓவியமும் கட்டி எழுப்பிய காட்சிதான். அந்தக் கண் வகைப்பாட்டைத் தேடுகிறது. கோண்டுக் கண் உறவைத் தேடுகிறது. இரண்டுக்கும் உற்றுப் பார்ப்பது பொது.

இந்த அறிவியல் ஓவியத்துக்கும் சென்னையில் ஒரு முன்கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை, இந்தியத் தாவரங்களின் படத் தொகுப்பு ஒன்றை ஆறு தொகுதிகளாக மதராஸில் அச்சிட்டார். மொத்தம் 2,101 படங்கள். அவருக்காக வரைந்தவர்களில் இருவர் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். அந்தக் காலத்தில் உள்ளூர் ஓவியரின் பெயரைப் படத்தில் போடுவதே அபூர்வம், வைட் போட்டார். அதோடு நிற்காமல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். பிறகு வந்த வகைப்பாட்டில் அந்தப் பேரினத்தை ட்ராபிடியாவோடு சேர்த்துவிட்டதால் பெயர் புழக்கத்தில் இல்லை. ஆர்க்கிட் தோட்டம் உள்ள ஊரில் ஒரு பள்ளிச் சுவரிலாவது கோவிந்துவின் பெயரை எழுதி வைக்கலாம். திரைப்பட நடிகர் பெயரெல்லாம் சுவரில் இடம் பிடித்திருக்கிறது.

வரைவதையும் காட்டை எழுதுவதையும் ஒரே கையால் செய்த தமிழர் ஒருவரும் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். நல்ல புகைப்படக்காரர், ஆனாலும் பேனாக் கோட்டில் விலங்குகளை வரைவதை விடவில்லை. தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகள் நூலாகக் கிடைக்கின்றன. அவர் காட்டிய அணிலும் காகமும் நம் வீட்டுக் கொல்லையில் உள்ளவைதான். புலியைத் தேடிப் போகாமலும் இயற்கையைப் பார்க்கலாம் என்பதைச் செய்து காட்டியவர்.

குழந்தைகள் பக்கம் வருவோம். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம், தமிழ் உட்படப் பல மொழிகளில் படப் புத்தகம் போடுகிறது. அவற்றில் ஸாய் விட்டேகர் எழுதிய இருளர் சிறுவன் காளியின் கதை இந்த மலைக்கு நெருக்கமானது. அப்பா பாம்பு பிடிப்பவர். வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு ஒட்ட முடியாமல் காளி கூசிப்போகிறான். ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு விழுகிறது. எல்லாரும் அலற, அவன் மட்டும் அதை எளிதாகப் பிடிக்கிறான். வெறும் கதை என்று நினைக்க வேண்டாம். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் அமைந்தது; பாம்புக் கடிக்கான மருந்து தயாரிக்க அவர்கள் எடுக்கும் நஞ்சு வேண்டும். 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தன் வீட்டு அறிவு வகுப்பறைக்குள் மதிப்புப் பெறுவதைப் படத்தில் பார்க்கிற பிள்ளை, சீனரி வரைவதை விட்டு வேறு எதையாவது வரையத் துணியும்.

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கு அப்படி ஒரு புத்தகம் யார் கொடுப்பது? சாமை விளைவதும், தேன் கூடு கட்டுவதும், சேர்வராயன் கோயில் திருவிழாவும் தெரிந்த பிள்ளைகள் அவர்கள்.

இங்கே கசப்பான செய்தியையும் சொல்லிவிட வேண்டும். கறுப்புத் தாளில் கையால் அடித்த அந்த மரங்களை அச்சிட்ட கைகள் தமிழ்க் கைகள். ஆனால் அந்தப் புத்தகத்தின் விலை காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் அம்மாவுக்குக் கட்டுபடியாகாது. பாரிஸிலும் டோக்கியோவிலும் அது குழந்தையின் அலமாரியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஓவிய ஆர்வலர் வீட்டு மேசையில் இருக்கிறது. பதிப்பகத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, கையால் செய்கிற பொருளுக்கு நியாயமான கூலி கொடுத்தால் அந்த விலைதான் வரும். மலிவாகக் கொடுக்கும் வழிகள் வேறு உள்ளன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்து, தமிழ் ஓவியர்களின் படங்களோடு சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் யாரும் கதை எழுதலாம், மொழிபெயர்க்கலாம், இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம். எளிய தமிழில் அறிவியல் நூல்களை எழுதிக் குவித்திருக்கும் ஏற்காடு இளங்கோ போன்றவர்கள் இருக்கிறார்கள். குறைவது ஓவியம்தான்.

ஆகவே ஒரு யோசனை. சேர்வராயன் மலைக்கென்று ஒரு படப் புத்தகம், இங்குள்ள பிள்ளைகளே வரைந்தது. எட்டு விரிபக்கம் போதும். இரண்டு வண்ணம் போதும். சேலத்தில் சில்க் ஸ்கிரீன் அடிக்கிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் கோடை மழைக்குப் பிறகு மலை முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும் காப்பி. அந்த வாசனையை எப்படி வரைவது என்று பிள்ளைகள் மண்டையைக் குடைந்துகொள்ளட்டும். ஒரு பக்கம் காட்டெருமை, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல. ஒரு பக்கம் மரக்கிளையில் குடியிருக்கும் ஆர்க்கிட், மரத்தை உறிஞ்சாமல் காற்றிலும் மழையிலும் இருப்பதை எடுத்துக்கொண்டு வாழ்வது. இந்த மலையின் பெயரையே தன் அறிவியல் பெயரில் வைத்திருக்கும் வெர்னோனியா ஷெவராயென்சிஸுக்கு ஒரு பக்கம். ஒரு பக்கம் முழுக்கப் பனி, அதாவது வெற்றுத் தாள், ஓரத்தில் ஒரு மாட்டின் கொம்பு மட்டும். இதைச் செய்யும் ஆசிரியருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: கரும்பலகையில் மாதிரி போட்டுவிடாதீர்கள். பிள்ளையைச் செடிக்கு முன்னால் உட்காரவைத்து, தாத்தா பாட்டி அந்தச் செடியை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அதன் பிறகு பென்சில் கொடுங்கள்.

சில்வர் ஓக்கைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கட்டாயம் ஒரு சண்டை வரும். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், சோலை மரங்களின் இடத்தைப் பிடித்தது, குழந்தைகளுக்கு நம் மண்ணின் மரத்தைத்தானே காட்ட வேண்டும் என்று சூழலியல் நண்பர்கள் சொல்வார்கள். சரியான வாதம். ஆனால் காப்பியும் வந்ததுதான். சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே அதைப் பயிரிட்டு ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகிறது. இன்றைய பிள்ளையின் வாசலில் நிற்பது சில்வர் ஓக். மேல்பக்கம் பச்சை, காற்று திருப்பிக் காட்டினால் அடிப்பக்கம் வெள்ளி, கிழித்துவிட்ட மாதிரி இலை, சீப்பு மாதிரி ஆரஞ்சு நிறப் பூ, உடம்பெல்லாம் மிளகுக் கொடி. பச்சை உருண்டையாக அதை யாராலும் வரைய முடியாது. எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள், அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன நின்றது என்று அதே பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிட்டு, அதையும் சேர்க்கத்தான் வேண்டும்.